புந்தோங்கில் குடியிருந்த எங்கள் தோட்டம்

வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டது நான்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

ஈப்போவில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒப்பந்த வேலை. ஆண்டு முடியும்போதெல்லாம் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வார்களா என்ற கேள்வி வரும். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, அதற்கு மேலேயும் படித்து, ஏர்கோன் அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆள் நான். அப்பா இதைக் 'கிராணி வேலை', குமாஸ்தா வேலை, என்பார். அவர் காலத்தில் தோட்டத்துக் கிராணி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். எனக்காக யாரும் எதிலிருந்தும் இறங்குவதில்லை. சொன்னால் அப்பாவுக்குப் புரியாது.

போன மழைக்காலத்தில் எங்கள் பிரிவின் தலைவி எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மலாய்க்கார அம்மையார், நாங்கள் புவான் என்போம். பேராக் மாநிலம் முழுவதும் பல ஆண்டுகளாக எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் இருந்தது, எத்தனை பேர் வந்து படுத்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையெல்லாம் பழைய புத்தகங்களிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்து, ஊருக்கு ஒரு கோடாகப் போட வேண்டும். மேலிடத்தில் ஒரு கூட்டம் வரப்போகிறது, சின்ன ஆஸ்பத்திரிகளில் எந்த வார்டை வைத்துக்கொள்வது, எதை மூடிக் கட்டில்களை ஈப்போவுக்குக் கொண்டு வருவது என்று பேசுவார்கள் என்றார்.

நான் ஆசையோடுதான் செய்தேன். ஓரம் கரையான் அரித்த புத்தகங்களைப் புரட்டுவது எனக்குப் பிடிக்கும். மூன்று வாரத்தில் கோடுகள் தயார். ஈப்போவின் கோடு மலை ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஊரின் கோடு படிப்படியாக இறங்கித் தரையைத் தொடப் போனது.

எங்கள் ஊர் ஈப்போவுக்குத் தெற்கே இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். சுற்றிலும் முன்பு ரப்பர்த் தோட்டங்கள், இப்போது எண்ணெய்க்கான செம்பனை; அதில் ஒன்றுதான் எங்கள் தோட்டம். பஜாரின் ஒரு முனையில் சின்ன ஆஸ்பத்திரி. அதில் பெண்களுக்கு ஒரு வார்டு. நான் பிறந்தது அங்கேதான். அம்மாவின் காலில் சர்க்கரைப் புண் முதலில் வந்தபோது பதினோரு நாள் அங்கேதான் படுத்திருந்தார். காலையில் அப்பா மோட்டாரில் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். பிறகு, வாரம் ஒருமுறை அங்கே வந்துகொண்டிருந்த சிறப்பு மருத்துவர் வருவது நின்றது. டாக்டர் இல்லாத வார்டில் யார் போய்ப் படுப்பார்கள்? ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எல்லாரும் ஈப்போவுக்கு வந்தார்கள்.

அந்த வார்டைத்தான் மூடலாம் என்று புவானின் குறிப்பில் இருந்தது. காரணமும் எழுதியிருந்தார். அங்கே கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன. அந்தப் பக்கத்து மக்கள் ஈப்போவிலும் அதிகம் வந்து படுக்கவில்லை. ஆகவே தோட்டங்கள் மூடியபின் அங்கே ஆள் இல்லை, தேவையும் இல்லை.

படித்ததும் என் பட்டியலை மறுபடி பார்த்தேன். உண்மைதான். ஈப்போவில் வந்து படுத்தவர்களை ஊர்வாரியாகப் பிரித்ததில் எங்கள் ஊருக்கு நேரே விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் வேன் எனக்குத் தெரியுமே. கதவைத் திறந்தால் எங்கள் தோட்டமே இறங்கும். பாதிப் பேரை எனக்கு முறை சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர்களில் பலர் அந்த வாரமே மேலே வார்டில் படுத்திருப்பார்கள்; சாயந்திரம் போய் மைலோ கொடுத்துவிட்டு வருவேன். என் கண்முன்னால் படுத்திருப்பவர்கள் என் பட்டியலில் எங்கே போனார்கள்?

அம்மாவின் மருத்துவ அட்டை என்னிடம்தான் இருந்தது. தான் தொலைத்துவிடக்கூடும் என்று என்னிடமே கொடுத்து வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். அட்டையில் இருந்த முகவரி புந்தோங். ஈப்போவில் தமிழர்கள் நிறைய இருக்கும் பகுதி அது. ஆனால் அம்மா ஒரு நாளும் அங்கே குடியிருந்ததில்லை.

அந்த வீட்டு எண்ணை வைத்துக் கம்ப்யூட்டரில் தேடினேன். திரை நிறைந்தது. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இரண்டே அறை உள்ள மலிவு விலை வீடு அது, எனக்குத் தெரிந்த வீடு. அதில் எங்கள் தோட்டத்தின் நாலு லயமும், நாலு வரிசைத் தொழிலாளர் குடியிருப்பும், குடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏன் புந்தோங் முகவரியைக் கொடுத்தார் என்று கேட்டேன். நான் கேட்டதே முட்டாள்தனம் என்பதுபோலப் பார்த்தார். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமோ அந்த ஊர்க்காரர் என்றுதானே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டில் கொடுப்பார்களா என்றார்.

பிறகு மாமாவின் கதையைச் சொன்னார். அம்மாவின் அண்ணன். அவர் வலது காலை மடக்காமல் நடப்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அந்தக் காலத்தில் பெரிய தோட்டங்களுக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி உண்டு. டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளில் டிரெசர் என்பவர்தான் ஊசி போடுவதும் கட்டு கட்டுவதும். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை முதலில் மூடினார்கள். அந்தச் சமயம் பார்த்து மாமா லோரியிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்த டிரெசர் காலைப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். செக்ரோல் என்றால் அன்றாடம் வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் புத்தகம். மாமா உள்ளதைச் சொன்னார். அப்படியானால் உன் தோட்டத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மறுநாள் ஆயிற்று.

"உண்மையச் சொன்னதுக்குக் கெடைச்ச காலுடா அது," என்றார் அம்மா. "அதுக்கப்புறம் நம்ம லயத்துல யாரும் அந்தத் தப்பப் பண்ணல."

அரசாங்க ஆஸ்பத்திரியில் செக்ரோல் கிடையாதும்மா, குடிமக்களுக்கான நீல ஐசி அட்டை இருந்தால் எந்த ஊர்க்காரரும் படுக்கலாம் என்றேன். அம்மா கீரைக் காம்பை ஒடித்தார். "அது ஒனக்குத் தெரியும். நீ படிச்சவன்," என்றார். பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பழைய புத்தகங்களை மறுபடி எடுத்தேன். மாநிலத்தின் எல்லாக் கட்டில்களும் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த அந்தக் கணக்கில் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வரிகூட இல்லை. என் கையில் இருந்தவை அரசாங்கக் கட்டில்கள் மட்டும். தோட்டத்துக் கட்டில்கள் கம்பெனி சொத்து. எங்கள் ஆட்கள் படுத்த பலகைக் கட்டில்கள் வந்தது அதில் இல்லை, போனதும் இல்லை. அதனால்தான் நான் போட்ட படத்தில் மாநிலத்தின் கட்டில்கள் ஒரு ஆண்டும் குறையாமல் வளர்ந்துகொண்டே வந்தன. முதல் தடவை எங்களை விட்டுவிட்டுக் கணக்கு எழுதியது யாரோ. இந்தத் தடவை எங்களை நாங்களே எடுத்துவிட்டோம். அந்தக் கணக்கை எழுதியவன் நான். இந்த வார்டும் சத்தமில்லாமல் போக நான் விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று வேலை முடிந்ததும் நேரே புந்தோங்குக்குப் போனேன். அந்த வீட்டில் இருக்கும் அக்கா எங்கள் லயத்தில் பிறந்தவர், ஈப்போவில் கட்டிக்கொடுத்தார்கள். தோட்டத்திலிருந்து யார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அவர் வீட்டில்தான் பை வைப்பார்கள், சோறும் அங்கேதான். என்னைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். நம்பவில்லை.

ஐஸ்பெட்டி மேல் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. நிறையக் கடிதங்கள், எல்லாம் ஆஸ்பத்திரி உறைகள். ஸ்கேன் தேதி மாறியது, கிளினிக்குக்கு வரவில்லை, ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வா. வந்ததும் பிரித்துப் படித்து, உரியவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். யார் போன் எடுக்கவில்லையோ அவர் கடிதம் மேலே நிமிர்ந்து நிற்கும். இத்தனை ஆண்டாக இந்த வேலையை ஒருவர் செய்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது.

நான் விஷயத்தைச் சொன்னேன். முகவரியால் நம் ஊரில் ஆளே இல்லை என்று ஆகிவிட்டது, வார்டை மூடப் போகிறார்கள் என்று. அக்கா தகரத்தை மூடி வைத்தார். பிறகு, இனிமேல் உண்மையான ஊரைச் சொன்னால் யாரையாவது வெளியே தள்ளுவார்களா என்று கேட்டார். தள்ள முடியாது என்றேன்.

"அப்ப இத்தன வருஷமா நான் போஸ்மன் வேல பாத்தது எதுக்கு, தம்பி?"

"நல்லதுக்குத்தான்கா."

"நல்லது பண்ணி நம்ம ஊர் வார்டை மூடப் பாத்திருக்கேன் லா," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. உடனே எழுந்து போனை எடுத்தார். அன்றே பத்துப் பன்னிரண்டு பேருக்காவது போட்டிருப்பார். அடுத்த தடவை கவுண்டரில் தோட்டத்துப் பெயரைச் சொல்லு, என் வீட்டைச் சொன்னால் இனிமே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். எங்கள் ஆட்கள் என்னை நம்பினார்களோ இல்லையோ, அக்காவுக்குப் பயந்தார்கள்.

மாமா மட்டும் பயப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேன் வந்து நின்றதும் நான் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியாக இறங்கினார், எப்போதும் போலக் காலை முதலில் வெளியே நீட்டி. நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நான் ஒரு தடவ உண்மையச் சொல்லிப் பாத்துட்டேன் மாப்ள. நீங்க சொல்லிப் பாருங்க," என்றார். அவரிடம் நான் வாதாடவில்லை. அவர் இன்றைக்கும் புந்தோங்கில்தான் குடியிருக்கிறார்.

அம்மா என்னோடு கவுண்டருக்கு வந்தார். பக்கத்தில் நிற்காதே, தள்ளி நில் என்று சொன்னார். கவுண்டரில் இருந்த பையன் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டான். அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, பட்டியலில் அப்படி ஓர் இடம் இல்லையே என்றான். உண்மைதான், தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, பின்புறத்தில் வரிசை வீடு கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பெயர் காகிதத்தில் இல்லை. ஆனால் நாங்கள் யாரும் அந்த இடத்தை வேறு பெயரால் சொல்வதில்லை. நாம் அத்தை என்பதுபோல மாச்சிக் என்று கூப்பிட்டு அவன் மரியாதையாகவே சொன்னான், அந்த இடம் மூடிவிட்டது மாச்சிக், வேறு முகவரி இருக்கிறதா என்று. அம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"அடா. சாயா திங்கால் சித்து," என்றார். இருக்கிறது, நான் அங்கேதான் குடியிருக்கிறேன்.

பின்னால் வரிசை நீண்டது. அவன் மறுபடி தேடினான். அம்மா கைப்பையைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு நின்றார். கடைசியில் அவனே எங்கள் ஊரின் அஞ்சல் எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டு, வீதி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு அடித்தான். அடுத்து நின்ற எங்கள் ஊர்ப் பெண்ணிடம் அவனாகவே, நீங்களும் அங்கேயா என்று கேட்டான்.

ஐந்தாறு வாரங்களில் என்னிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று பழைய பதிவின்படி, இன்னொன்று அவர்கள் இப்போது சொன்னதின்படி. இரண்டாவதில் எங்கள் ஊருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தால் அங்கே ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரு குறிப்போடு புவானின் மேசையில் வைத்தேன். ஒரே வீட்டில் இத்தனை நோயாளிகள் எப்படி என்று அந்தக் குறிப்பில் செக்ரோல் கதையையும் எழுதியிருந்தேன்.

புவான் இரண்டு தடவை படித்தார். நீ ஒப்பந்த ஆள், தெரியுமல்லவா என்றார். தெரியும் என்றேன். மேலே இருப்பவர்கள், பதிவுப் பிரிவே தன் பதிவைத் தப்பு என்கிறதா என்று கேட்பார்கள் என்றார். ஆமாம் என்று சொல்லிவிடலாம் புவான் என்றேன். அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து, குறிப்பின் கீழே இருந்த என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தில் என் வேலை படங்களைத் தள்ளிக்கொண்டிருப்பது. மேசையின் கடைசியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் வந்தபோது பெரிய அதிகாரி ஒருவர், அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் காலி, இளைஞர்கள் லூமுட்டுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள், மிச்சம் செம்பனை மரம்தான் என்றார். சிலர் சிரித்தார்கள். இரண்டாவது பட்டியலைத் திரையில் போட்டேன். இது என்ன, சொந்தமாகச் சேர்த்ததா என்று கேட்டார். புவான் விளக்கினார். கவுண்டரில் வாயால் சொன்னதை எப்படி நம்புவது என்று அவர் மறுபடி கேட்டார்.

என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. எழுந்தேன்.

"துவான், முதலில் சொன்னதையும் அவர்கள் வாயால்தான் சொன்னார்கள். அதை நம்பினோம்." மலாயில்தான் சொன்னேன். "திங்கட்கிழமை காலையில் முன்வாசலுக்கு வாருங்கள். வேனிலிருந்து இறங்குபவர்களை நீங்களே கேளுங்கள். மரங்கள் வேனில் வராது."

உட்கார் என்று புவான் கண்ணால் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் அடுத்த படத்துக்குப் போகச் சொன்னார். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். நினைத்தபோதுகூட வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. அது எனக்கே ஆச்சரியம். பள்ளியில் ஆசிரியர் தப்பாகக் கூட்டினால்கூடக் கையைத் தூக்காத பையன் நான்.

அந்த அதிகாரி திங்கட்கிழமை வந்தாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வார்டு இப்போதைக்கு மூடப்படவில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், புதன்கிழமை காலை, சிறப்பு மருத்துவர் ஒருவர் போவார். அவரைப் பார்க்க எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி முடிவு செய்வார்கள். புவான் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, உன் ஊர்க்காரர்கள் வருவார்களா என்று கேட்டார். வருவார்கள் என்றேன். உள்ளே எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. ஈப்போ டாக்டர்தான் டாக்டர் என்று பழகிப்போன ஆட்கள்.

முதல் புதன்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பதிவு தொடங்குமுன்பே வராந்தா நிறைந்திருந்தது. எங்கள் தோட்டம், பக்கத்துத் தோட்டம், பஜார்க் கடைக்காரர்கள், கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்திலிருந்து சில மாச்சிக்கள், ஒரு சீனப் பாட்டி. புந்தோங் அக்கா பஸ் பிடித்து வந்திருந்தார்; அவருக்கு நோய் ஒன்றும் இல்லை, யார் வரவில்லை என்று பார்க்க வந்தாராம்.

டாக்டர் இளவயதுப் பெண். நிதானமாகப் பார்த்தார். ஒருவர் காலை ஐந்து நிமிடம் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். அதனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்கு, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் வெளியே வந்து, டாக்டர் மத்தியானம் ஈப்போவில் இருக்க வேண்டும், மிச்சம் இருப்பவர்கள் இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். பாதிப் பேர்கூட முடியவில்லை. அம்மாவின் எண்ணும் வரவில்லை.

யாரும் எழவில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒருவர் எழவில்லை. மிஸ்ஸி மலாயிலும் தமிழிலும் மறுபடி சொன்னார். அவரும் எங்கள் பக்கத்துப் பெண்தான். சொல்லிவிட்டுச் சங்கடத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

"இன்னிக்கு எத்தன பேரு வந்தோம்னுதான எழுதப் போறாங்க, மிஸ்ஸி," என்றார் அம்மா. "எழுதச் சொல்லு. நாங்க இருக்கோம்."

அக்கா ஒரு டப்பாவிலிருந்து கறிபாப் பலகாரம் எடுத்து வரிசையில் கொடுக்கத் தொடங்கினார். ஆளுக்குப் பாதி. சீனப் பாட்டியும் வாங்கிக்கொண்டார். டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வராந்தாவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். யாரும் கெஞ்சவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாமதமாக வருவேன் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

மிஸ்ஸி அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.